இரண்டாவது டிரைவர் யார்? முடிவெடுக்க முடியவில்லை

கோவையில் புதிதாக ஒரு சின்ன ரேஸ் டீம் தொடங்கியிருக்கிறோம். இரண்டு எல்ஜிபி ஃபார்முலா 4 கார்கள் (ஒருவர் மட்டும் உட்காரும் தொடக்கநிலை ரேஸ் கார்கள்). ஒரு சீட் நிரம்பிவிட்டது. இன்னொன்றுக்கு இருவர்; பத்து நாளில் பெயர் கொடுக்க வேண்டும்.

செட்டிபாளையம் கரி டிராக்கில் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தோம். ஒரே டயர், ஒரே அளவு பெட்ரோல். காரையும் மாற்றிக் கொடுத்தோம். இருவரில் 19 வயதுப் பையன் ஒற்றை லேப்பில் (டிராக்கில் ஒரு சுற்று) அரை நொடி வேகம். ஆனால் ஆறாவது லேப்புக்கு அப்புறம் பின்டயர் வழுக்கி, ஒரு நொடிக்கு மேல் இழக்கிறான். மற்றவருக்கு வயது 26. 15 லேப் ஓட்டினாலும் லேப் நேரம் 0.3 நொடிக்கு மேல் மாறுவதில்லை. காரில் என்ன கோளாறு என்று மெக்கானிக்கிடம் தெளிவாகச் சொல்கிறார். ஸ்பான்சர் இருவரிடமும் இல்லை. ஃபார்முலா 1-க்குப் புதிதாக வந்த கேடிலாக் டீம் 2026க்கு பெரெஸ், பொட்டாஸ் என்று பழுத்த டிரைவர்களாகப் பிடித்துப் போட்டது, நமக்கு ஏது அந்த வசதி!

டயரைக் காப்பாற்றி ஓட்டுவதை ஒரே சீசனில் பையனுக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா?