சிராகூசாவில் அம்மாவுடன் ஒரு வார இறுதி: ஒர்டீஜியாவில் தங்குவதா, கட்டானியாவிலா?

நெய்தல்வாசி:
வணக்கம். மே மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் கட்டானியா விமான நிலையத்தில் இறங்குகிறோம். திங்கள் மாலை அங்கிருந்தே திரும்புகிறோம். நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்கு எழுபது வயதை நெருங்குகிறது. சமதளத்தில் நன்றாக நடப்பார், படிக்கட்டு என்றால்தான் முழங்கால் ஒத்துழைக்காது. பழைய கோயில், பழைய கட்டடம் என்றால் அவருக்கு உயிர். சைவச் சாப்பாடு மட்டுமே.

கட்டானியாவில் தங்கிக்கொண்டு ஒரு நாள் எட்னா எரிமலை, ஒரு நாள் தவோர்மினா, ஒரு நாள் சிராகூசாவும் நோட்டோவும் என்று திட்டம் போட்டிருக்கிறேன். கார் வாடகைக்கு எடுக்கலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மழைமேகம்:
சிராகூசா மட்டும் என்றால் கார் வேண்டாம். பழைய நகரம் இருக்கும் ஒர்டீஜியா தீவுக்குள் குறிப்பிட்ட நேரங்களில் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே நுழையலாம். கேமரா எண்பலகையைப் படம் பிடித்துவிடும், அபராதம் வாடகை நிறுவனம் வழியாகப் பிறகு வந்து சேரும். விமான நிலைய வாசலிலேயே சிராகூசா பஸ் நிற்கிறது. ஒன்றேகால் மணி நேரப் பயணம்.

செண்பகம்:
உங்கள் திட்டத்தில் அம்மா பார்க்கப்போவது பெரும்பாலும் நெடுஞ்சாலையைத்தான். எட்னாவையும் தவோர்மினாவையும் இந்த முறை விட்டுவிடுங்கள். இரண்டும் ஏற்றமும் இறக்கமுமான இடங்கள். பழைய கோயில் பிடிக்கும் என்கிறீர்களே, அப்படியானால் ஒர்டீஜியாவுக்குள்ளேயே அறை எடுங்கள். தீவு ஒரு கிலோமீட்டர் நீளம்தான், பெரும்பாலும் சமதளம். களைத்தால் அறைக்குத் திரும்பலாம், வெயில் தாழ்ந்ததும் மறுபடி கிளம்பலாம்.

முதலில் பேராலயத்துக்குப் போங்கள். ஆனால் முன்வாசல் வழியாக அல்ல. வடக்குப் பக்கம் மினர்வா தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. அங்கே நின்று சுவரைப் பாருங்கள். கி.மு. 480இல் கார்த்தேஜினரை ஹிமேரா போரில் வென்றபின் சிராகூசாவை ஆண்ட கெலோன் எழுப்பிய, கிரேக்கத் தேவி அதீனாவின் கோயில் தூண்கள் அந்தச் சுவருக்குள் அப்படியே நிற்கின்றன. டோரிக் என்ற எளிய கிரேக்கப் பாணியில் பருத்த தூண்கள், மேலே அகன்ற தட்டு போன்ற தலைப்பகுதி, தூணுக்கும் தூணுக்கும் நடுவே பிற்காலத்தில் வைத்து அடைத்த கல். கி.பி. ஏழாம் நூற்றாண்டில் அந்த இடைவெளிகளை அடைத்துத்தான் தேவாலயம் ஆக்கினார்கள். அரபியர் காலத்தில் மசூதி, நார்மானியர் வந்தபின் மீண்டும் தேவாலயம். உள்ளே போனால் அதே தூண்களை மறுபக்கத்திலிருந்து கையால் தொடலாம். கருவறையின் நெடுஞ்சுவரைக் குடைந்து வளைவுகளாக்கியிருக்கிறார்கள். அதன் நடுவில் நின்றுகொண்டு அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக ஒரே இடத்தில் வழிபாடு நடக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்க வைக்கும் விஷயம்.

முகப்பு மட்டும் பதினெட்டாம் நூற்றாண்டு வேலை, 1693ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டியது. கிரேக்கக் கோயில் கிழக்கு பார்த்தது, தேவாலயமானபோது வாசலை மேற்கே திருப்பிவிட்டார்கள். அதனால் மாலை வெயில் நேராக முகப்பில் விழும். சதுக்கத்தில் உட்கார அதுதான் நேரம். தோள் மூடிய உடை அவசியம்.

அங்கிருந்து தெற்கே சற்று நடந்தால் அரெதூசா ஊற்று. கடலுக்கு ஒரு சுவர் தள்ளி நன்னீர் சுரக்கிறது, அதில் பண்டைக் காலத்தில் எழுதும் தாள் செய்யப் பயன்பட்ட பாப்பிரஸ் கோரை அடர்ந்து வளர்ந்திருக்கிறது. ஐரோப்பாவில் இப்படித் தானாக வளரும் பாப்பிரஸ் அரிது.

தொல்லியல் பூங்கா தீவுக்கு வெளியே நிலப்பகுதியில் இருக்கிறது. காலையில் திறந்ததும் போய்விடுங்கள். மே மாதமே வெயில் சுடும். 2021 ஆகஸ்டில் 48.8 டிகிரி பதிவானது இந்த நகருக்குப் பக்கத்தில்தான், ஐரோப்பாவின் உச்சம் அது. போகும்போது டாக்சி வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவின் கால் வலுவைப் பூங்காவுக்குள் நடக்கச் சேமித்து வையுங்கள். உள்ளே இருக்கும் பழைய கற்சுரங்கத்தில் எலுமிச்சையும் ஆரஞ்சும் நிழல் தரும். 'டயோனீசியஸின் காது' என்ற குகை 23 மீட்டர் உயரம், 65 மீட்டர் ஆழம். மெல்லப் பாடினாலும் குரல் பெருகித் திரும்பும். அம்மா பாடுவாரென்றால் ஒரு வரி பாடச் சொல்லுங்கள்.

ஆனால் அதே ஊரின் இத்தகைய சுரங்கங்களில்தான் சிராகூசாவைத் தாக்க வந்து கி.மு. 413இல் தோற்ற ஏதென்ஸ் படையினர் ஏழாயிரம் பேருக்குக் குறையாமல் அடைக்கப்பட்டார்கள். வெட்டவெளி, நாளுக்கு ஒரு குவளை தண்ணீர், கொஞ்சம் தானியம். ஏதென்ஸ் நாடகாசிரியர் யூரிப்பிடிசின் வரிகளை ஒப்பித்துச் சிலர் உயிர் பிழைத்தார்கள் என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு போனால் அந்த நிழல் வேறு மாதிரி இருக்கும்.

நெய்தல்வாசி:
மிக்க நன்றி அக்கா. எட்னாவைத் திட்டத்திலிருந்து அடித்துவிட்டேன். நோட்டோவையும் விட்டுவிடவா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

செண்பகம்:
நோட்டோ இருக்கட்டும். ரயிலில் அரை மணி நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு, திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து ஊருக்கு ஏறிப் போக வேண்டும், அம்மாவுக்கு மனம் இல்லையென்றால் வற்புறுத்தாதீர்கள். பழைய யூதக் குளியலறை ஒன்று ஒர்டீஜியாவில் தரைக்கு அடியில் இருக்கிறது. அது முழுக்கப் படிக்கட்டு, வேண்டாம்.

சைவத்துக்குச் சிசிலி நல்ல இடம். கத்தரிக்காய், தக்காளி, உப்பிட்ட ரிகோட்டா பாலாடைக்கட்டி போட்ட 'பாஸ்தா அல்லா நோர்மா', புளிப்பும் இனிப்புமான கத்தரிக்காய்க் கூட்டு 'கபொனாதா' இரண்டும் எங்கும் கிடைக்கும். காலையில் பாதாம் கிரனீத்தாவும் (துருவிய பனி போன்ற இனிப்பு) பிரியோஷ் ரொட்டியும். பிரியோஷில் முட்டை உண்டு, அம்மா முட்டையும் சேர்க்க மாட்டார் என்றால் கிரனீத்தா மட்டும் வாங்குங்கள். கவனிக்க வேண்டியது நெத்திலி. வறுத்த ரொட்டித் தூள் தூவிய பாஸ்தாவில் அது பெரும்பாலும் கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. 'சென்சா அச்சூகே' என்று சொன்னால் நெத்திலி போடாமல் தருவார்கள். மதியத்துக்குப் பிறகு பல சமையலறைகள் மூடிவிடும், இரவு ஏழரைக்கு முன் திறக்காது. பழம், ரொட்டி கையில் இருக்கட்டும்.

ஏடும்எழுத்தும்:
செண்பகம் சொன்னதோடு ஒன்று. மே, ஜூன் மாதங்களில் தொல்லியல் பூங்காவுக்குள் இருக்கும் கிரேக்க அரங்கில் பண்டைய நாடகங்கள் நடக்கும், 1914இல் தொடங்கிய மரபு. அப்போது கல் இருக்கைகளின் மேல் மரப்பலகை போட்டிருப்பார்கள், வெறும் கல்லைப் பார்க்க முடியாது. அந்தக் குறையை நாடகமே தீர்த்துவிடும். இத்தாலிய மொழியில்தான் இருக்கும், கதையைப் படித்துவிட்டுப் போங்கள். படி ஏறாமல் போகக்கூடிய இருக்கை எது என்று டிக்கெட் வாங்கும்போதே கேளுங்கள். மெத்தை ஒன்று, மேலே போர்த்த ஒரு சால்வை.

இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1608இல் வரைந்த 'புனித லூசியாவின் அடக்கம்' ஓவியமும் இந்த ஊரில்தான். அதை இரண்டு தேவாலயங்களுக்கு இடையே மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள், தங்குமிடத்தில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

நெய்தல்வாசி:
அம்மாவிடம் காட்டினேன். கற்சுரங்கக் கதையை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பேராலயத்துக்குப் பக்கத்துத் தெருவில் தரைத்தளத்து அறை பார்த்துவிட்டேன். சனிக்கிழமை மாலை நாடகத்துக்கு டிக்கெட் தேடுகிறேன்.

செண்பகம்:
தரைத்தள அறை தெருவைப் பார்த்ததா, உள்முற்றத்தைப் பார்த்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு அந்தத் தெருக்கள் நள்ளிரவுக்கு மேலும் ஓயாது.