பெரிய பிளேயர்கிட்ட தோத்த செஸ் கேம்ல இருந்து கத்துக்கறது எப்படி?

கொங்கு_பான்:
எல்லாருக்கும் வணக்கம். என் ரேட்டிங் 1500 பக்கம். போன வாரம் ஒரு டோர்னமென்ட்ல 2000க்கு மேல இருக்கற ஒருத்தர் கூட ஆடினேன், மிடில் கேம் முழுக்க ஈக்வல்தான், கடைசில ரூக் எண்டிங் (ராஜா, ரூக், பான் மட்டும் மிச்சம் இருக்கற கட்டம்) வந்துச்சு, எனக்கு கிங் சைடுல நாலு பான், அவருக்கு அங்க மூணு, கூடவே ஓரத்துல ஏ-ஃபைல்ல ஒரு பாஸ்டு பான் (என் பான் எதுவும் வழி மறிக்க முடியாதது). காய் குறைஞ்சா டிரா ஆயிரும்னு ரூக்கை மாத்திட்டேன் (என்னோடதைக் குடுத்து அவரோடதை எடுத்துட்டேன்), அதோட முடிஞ்சுது. என்ஜின்ல (செஸ் கணக்கு போடற கம்ப்யூட்டர் புரோகிராம்) போட்டா அந்த மூவ் தப்புன்னு காட்டுது, ஏன்னு புரியல. இப்படி ஒரு கேம்ல இருந்து என்னத்தை எடுத்துக்கறது?

ஏழாவது_ரேங்க்:
தம்பி, ரூக் போனதும் அந்த ஏ-பானை நிறுத்த உங்க ராஜாதான் ஓடணும். அது அந்தப் பக்கம் போற நேரத்துல அவர் ராஜா இந்தப் பக்கம் வந்து உங்க பானை எல்லாம் வெட்டிரும். ரூக் இருந்திருந்தா பாஸ்டு பானுக்குப் பின்னாடி வச்சே இழுத்துப் பிடிச்சிருக்கலாம்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்ல டிங் லிரென் - குகேஷ் 14வது கேமை போட்டுப் பாருங்க. ஸ்கோர் 6.5-6.5. குகேஷுக்கு ஒரு பான் அதிகம், ஆனாலும் ரூக்கும் பிஷப்பும் போர்டுல இருந்த வரைக்கும் டிராதான். 55வது மூவ்ல டிங் ரூக்கை எஃப்2 கட்டத்துல வச்சார், குகேஷ் அதை வெட்டிட்டு பிஷப்பை டி5ல கொண்டு வந்தார், டிங்கோட பிஷப் ஏ8 மூலையில இருந்ததால அதுவும் மாறியே ஆகணும், மிச்சம் ராஜாவும் பானும்தான், 58வது மூவோட டிங் ரிசைன். உலக சாம்பியனுக்கே வர்ற தப்பு இது, மனசை விட்றாதீங்க.

மாலைநேர_செஸ்:
மேல சொன்னது சரி, ஆனா எனக்கு என்னவோ ரூக்கை மாத்தினதை விட "காய் குறைஞ்சா டிரா"ங்கற நினைப்புதான் பெரிய சிக்கல்னு தோணுது. ரேட்டிங்கை பாத்து பயந்து எல்லாத்தையும் மாத்திகிட்டே போனா எண்டிங்ல கொண்டு போய் விடும், அங்கதான் பெரிய பிளேயருக்கும் நமக்கும் வித்தியாசம் ரொம்ப அதிகம்.

என்ஜினை கடைசில தொடுங்க ப்ரோ. கேம் முடிஞ்ச அன்னைக்கே ஸ்கோர்ஷீட்டை (மூவ் எழுதற தாள்) எடுத்து, எந்த மூவ்ல என்ன நினைச்சீங்க, எதுக்கு பயந்தீங்கன்னு எழுதிருங்க, ரெண்டு நாள் போனா மறந்துரும். ஆடும்போது குறிப்பு எழுதக்கூடாது, ஆனா கிளாக் டைமை எழுத ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரூல்ல இடம் இருக்கு, அதை வச்சு எங்க அவசரப்பட்டீங்கன்னு தெரிஞ்சுக்கலாம். முடிஞ்சா எதிராளிகிட்டயே கேளுங்க, நிறைய பேர் உக்காந்து பொறுமையா சொல்லித் தருவாங்க.

கொங்கு_பான்:
ரொம்ப நன்றிண்ணா, இப்பதான் புரியுது. அப்ப கடைசி ரூக்கை எப்ப மாத்தலாம்?

ஏழாவது_ரேங்க்:
கடைசி காயை மாத்தறதுக்கு முன்னாடி அந்த பான் எண்டிங்கை முடிவு வரைக்கும் கணக்கு போடணும், யார் ராஜா முன்னாடி நிக்குது, யாருக்கு தூரத்துல பாஸ்டு பான் இருக்குன்னு பாருங்க. கணக்கு வரலைன்னா மாத்தாதீங்க. பொசிஷன் மோசமா இருந்தா பானை மாத்துங்க, காயை வச்சுக்கோங்க. இப்ப அந்த ரூக் எண்டிங்கையே போர்டுல அடுக்கி ஃப்ரெண்டு கூட ரெண்டு பக்கமும் மாறி மாறி ஆடுங்க, அந்த மூவ் லிஸ்டை இங்க போட்டீங்கன்னா நானும் பாக்கறேன்.