டயல்-அப் மறுபடி ஓடணும்: இரைச்சல் வருது, கனெக்ட் ஆகல. உதவுங்க!

பழைய98:
வணக்கம். விண்டோஸ் 98 மெஷின்ல பழைய டயல்-அப்பை (மோடம் வெச்சு டெலிபோன் லைன்ல இன்டர்நெட்) அப்படியே கொண்டுவரப் பாக்குறேன். நம்பர் போற டோன், அந்த இரைச்சல், கடைசியில டாஸ்க்பார் ஓரத்துல மினுங்குற ரெண்டு குட்டி கம்ப்யூட்டர், எல்லாமே வேணும். டயல் ஆகுது, மறுமுனை எடுக்குது, கரகரன்னு பேசிக்குது, அப்புறம் "நோ கேரியர்", அதாவது மறுமுனை சிக்னல் கிடைக்கலைன்னு வருது. எங்க தப்பு? அவசரம்.

கம்பிச்சுருள்:
மறுமுனைல என்ன இருக்கு? நிஜ டெலிபோன் லைனா, வீட்டுக்குள்ளயே ரெண்டு மோடமா? உள்ளே செருகுற கார்டா, வெளிய வைக்கிற சீரியல் மோடமா?

எக்கோ2100:
கூடவே இதையும் சொல்லுங்க: நடுவுல விஓஐபி அடாப்டர் (போன் பேச்சை நெட்வொர்க் வழியா அனுப்புற பெட்டி) இருந்தா கோடெக் (சத்தத்தை டிஜிட்டலாக்குற முறை) எது? ஜி.729னா இப்பவே நிறுத்திடலாம். அது மனுஷக் குரலை மாதிரி வெச்சு சுருக்குற முறை, மோடம் சிக்னல் அதுக்குள்ள பிழைக்காது. அப்படி சுருக்காத ஜி.711 மட்டும்தான் சரிவரும்.

ஒன்பதுவோல்ட்:
அடாப்டரைக் கழட்டிப் போடுங்க, அது தேவையே இல்ல. ரெண்டு மோடத்தையும் ஒரே வயர்ல நேரா மாட்டுங்க. ரெண்டு கம்பில ஒண்ணை வெட்டி, நடுவுல 9 வோல்ட் பேட்டரியும் 390 ஓம் ரெசிஸ்டரும் தொடரா வைங்க. கூப்பிடுற பக்கம் ஏடிஎக்ஸ்3ங்குற மோடம் கட்டளை கொடுத்து டயல் பண்ணுங்க, டயல் டோனுக்குக் காத்திருக்காது. எடுக்குற பக்கம் ஏடிஏ, அது லைனை எடுக்கச் சொல்ற கட்டளை. நம்பர் டோனும் கேட்கும், இரைச்சலும் கேட்கும். இந்த வயரை நிஜ லைன்ல மட்டும் மாட்டிடாதீங்க.

கம்பிச்சுருள்:
அதுல ரிங் வராதே. எம்ஜெட்டி மாதிரி தானா எடுக்குற ஏற்பாடு ரிங் வந்தாத்தான் அசையும். ஒவ்வொரு தடவையும் கையால ஏடிஏ அடிக்கணும்.

மூத்தமோடம்:
கேள்வி கேட்கத் தெரியாம உதவி கேட்டா இப்படித்தான் ஆளாளுக்கு ஒரு திசையில இழுப்பாங்க. மோடம் மாடல், சிப்செட், கோடெக், இனிஷியலைசேஷன் ஸ்ட்ரிங் (மோடத்துக்கு முதல்ல அனுப்புற கட்டளை), இந்த நாலும் இல்லாத பதிவுக்கு பதில் சொல்றதே வீண். அடிப்படையைப் படிச்சுட்டு வாங்க.

பழைய98:
மன்னிக்கணும், விவரம் இதோ. 98 மெஷின்ல உள்ளே செருகுற பிசிஐ மோடம் கார்டு, 56கே (நொடிக்கு 56,000 பிட் வேகம்). மறுமுனை லினக்ஸ், யூஎஸ்பி-சீரியல் வயர்ல வெளி மோடம், அதுவும் 56கே. எம்ஜெட்டியும், இன்டர்நெட் இணைப்பை நடத்துற பிபிபிடியும் ஓடுது. நடுவுல ரெண்டு போர்ட் அடாப்டர், ஜி.711. ரிங் சரியா போகுது.

எக்கோ2100:
அப்போ அடாப்டர் செட்டிங்ஸ்தான். எக்கோ கேன்சலேஷன் (எதிரொலி நீக்கம்), சைலன்ஸ் சப்ரஷன் (சத்தமில்லாத நேரத்தை அனுப்பாம விடுறது), கால் வெயிட்டிங் மூணையும் ரெண்டு போர்ட்லயும் ஆஃப் பண்ணுங்க. ஜிட்டர் பஃபரை (முன்னப்பின்ன வர்ற சத்தத் துண்டுகளைத் தேக்கி சீரா விடுற இடம்) அடாப்டிவ்ல இருந்து ஃபிக்ஸ்டுக்கு மாத்துங்க. எடுக்குற மோடம் முதல்ல அனுப்புற நீளமான 2100 ஹெர்ட்ஸ் டோன், 450 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை கட்டம் (ஃபேஸ்) தலைகீழாகும். நடுவுல இருக்குற எக்கோ கேன்சலரை அணைக்கச் சொல்ற சைகை அது. சில அடாப்டர் அதைக் கண்டுக்காது, கையாலதான் அணைக்கணும். அணைக்கலைன்னா அதுவும் மோடமோட சொந்த கேன்சலரும் மோதிக்கும். ஜிட்டர் பஃபரும் அதே மாதிரிதான்: தாமதம் நடுவுல நகர்ந்தா, மோடம் அளந்து வெச்ச எதிரொலிக் கணக்கு பொய்யாகி ரீட்ரெயின்ல, அதாவது மறுபடி முதல்ல இருந்து பேசி ஒத்துக்குறதுல விழும்.

சோதிக்க எளிய வழி இருக்கு: முதல்ல மோடத்தை வி.22பிஸ்ங்குற பழைய தரத்துல, நொடிக்கு 2400 பிட்ல பூட்டுங்க. அதுல போகவும் வரவும் தனித்தனி அலைவரிசை, எதிரொலி பெருசா தொல்லை பண்ணாது. அது ஒட்டி, வேகமான வி.34 தரம் ஒட்டலைன்னா சந்தேகமே வேண்டாம், எதிரொலி இல்லைன்னா தாமதம். பூட்டுற கட்டளை சிப்செட்டைப் பொறுத்தது: பலதுல ஏடி+எம்எஸ், யூஎஸ் ரோபாட்டிக்ஸ்ல ஏடி&என். கூடவே இணைப்புக்குக் காத்திருக்குற நேரத்தை 90 செகண்டாக்க எஸ்7=90 வைங்க, பல மோடம் 50 செகண்டுலயே கையை விரிச்சிடும்.

ஒன்பதுவோல்ட்:
இவ்வளவு செட்டிங் மாத்துறதுக்கு ஒரு பேட்டரி மேல்.

நீலத்திரை:
ரெண்டு பக்கமும் 56கே மோடம்தானே, அப்ப 56கே தரமான வி.90லயே பூட்டலாமே? எதுக்கு வி.34?

மூத்தமோடம்:
முடியாது. வி.90ல சர்வர் பக்கம் அனலாக் மோடமே கிடையாது. டெலிபோன் வலையில டிஜிட்டலாவே இணைஞ்சு, ஜி.711 குறியீடுகளை அதுவே நேரா வைக்கும். ரெண்டு அனலாக் மோடம் சந்திச்சா உச்சம் வி.34, அதாவது 33.6கே.

நீலத்திரை:
அடாப்டருக்குள்ள டிஜிட்டல்தானே ஓடுது?

மூத்தமோடம்:
ஓடுது, ஆனா எடுக்குற மோடத்தோட அனலாக் சத்தத்தை அடாப்டர் அளந்து டிஜிட்டலாக்குது. அந்த அளவீட்டுலயே இரைச்சல் சேருது. அதைத் தவிர்க்கத்தான் வி.90 வந்தது. 1998 தரம், எடுத்துப் படிங்க.

நீலத்திரை:
சாதாரணமாவே சொல்லலாம். எடுக்குற பக்கம் மோடத்தைத் தூக்கிட்டு, ஜி.711 ஓட்டத்துல நேரா பேசுற மென்பொருள் மோடம் வெச்சா 56கே வருமில்லையா?

எக்கோ2100:
கோட்பாட்டுல வரும். அதுக்குத் தனி இழை போடுங்க, இவர் இன்னும் கனெக்டே ஆகல.

பழைய98:
எக்கோ, சைலன்ஸ் ஆஃப், ஜிட்டர் ஃபிக்ஸ்டு, வி.34. ஒட்டிடுச்சு! 115200னு காட்டுது. சத்தம் அச்சு அசல். பாஸ்வேர்டு சரிபார்க்குற இடத்துல மட்டும் ரொம்ப நேரம் நிக்குது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5ல எந்தப் பக்கமும் திறக்கல.

கம்பிச்சுருள்:
115200 கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவுல உள்ள போர்ட் வேகம். லைன் வேகம் தெரிய ஏடிடபிள்யூ2 சேருங்க. இணைப்பு ப்ராபர்ட்டீஸ்ல சர்வர் டைப்ஸ் போய் "லாக் ஆன் டு நெட்வொர்க்", நெட்பியூய், ஐபிஎக்ஸ் (ரெண்டும் பழைய நெட்வொர்க் முறை) மூணு டிக்கையும் எடுங்க, டிசிபி/ஐபி மட்டும் போதும். அந்தக் காத்திருப்பு போயிடும்.

எக்கோ2100:
பக்கம் திறக்காததுக்கு மோடம் காரணம் இல்ல. முதல்ல லினக்ஸ் முகவரிக்கு பிங் போகுதா பாருங்க, அடுத்து அங்க 98 மெஷின் போக்குவரத்தை வெளிய கடத்துற ஐபி ஃபார்வர்டிங்கும் நேட்டும் இருக்கா பாருங்க. ரெண்டும் சரின்னா, இன்னைக்கு தளங்கள் கேட்குற டிஎல்எஸ் 1.2 பாதுகாப்பு முறை அந்த பிரவுசருக்குத் தெரியாது. லினக்ஸ்லயே, நடுவுல நின்னு பக்கத்தை வாங்கிக் கொடுக்குற வெப்ஒன் ப்ராக்ஸி போட்டு, பிரவுசர்ல அந்த முகவரியைக் கொடுங்க.