நாய்ஸ் இசையில் எட்டு நிமிடத்தைத் தாண்ட முடியவில்லை

பாளையங்கோட்டையில் இருக்கிறேன். மூன்று மாதங்களாக நாய்ஸ் இசையை, அதாவது பெரும்பாலும் மெட்டோ தாளமோ இல்லாமல் இரைச்சலையே இசையாக்கும் வகையை, கேட்டுப் பழக முயல்கிறேன். ஜப்பானியக் கலைஞர் மசாமி அகிதா, மெர்ஸ்போ என்ற பெயரில் 1990களில் வெளியிட்ட பதிவுகளில் தொடங்கினேன். எட்டாவது நிமிடத்தில் தாடை இறுகுகிறது, நெற்றிப்பொட்டு வலிக்கிறது, நிறுத்திவிடுகிறேன். பிறகு காதில் அடைப்போ ரீங்காரமோ இல்லை.

காதை முழுதும் மூடும் ஹெட்போனில் ஒலியைப் பாதியாகக் குறைத்தேன். அடுத்து ஸ்பீக்கரில், இரவு மொட்டைமாடியில். தினமும் ஐந்து நிமிடம் என்று அளவு வைத்தும் பார்த்தேன். இரைச்சலையும் இசைக்குள் கொண்டுவர வேண்டும் என்று 1913இல் இத்தாலியக் கலைஞர் லூய்ஜி ருஸ்ஸோலோ எழுதிய அறிக்கையைப் படித்தேன். புரிந்தது, ஆனால் காது இணங்கவில்லை.

கரகரப்பே எனக்கு ஆகாது என்றும் சொல்ல முடியாது. எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடை விழாவில், வளைந்த குச்சி உறுமியின் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த முனகலுக்காகவே விடியும்வரை மேளக்காரர்கள் பக்கத்தில் நிற்பவன் நான். நாகஸ்வரம் ஓய்ந்து உறுமி மட்டும் கேட்கும் நேரத்தில் உடம்பு சிலிர்த்துவிடும். ஆனால் அங்கே பிடித்துக்கொள்ளத் தாளம் இருக்கிறது.

தாளமே இல்லாத இரைச்சலில், முதன்முதலில் நீங்கள் எதைப் பற்றிக்கொண்டு கேட்டீர்கள்?