அச்சகத்துக்கு அரச உத்தரவாதக் கடன் கேட்டுப் போனவர்களின் அனுபவங்கள்

கொக்குவில், ஓப்செட் அச்சகம்

2020 பங்குனியில் ஊரடங்கு தொடங்கியதும் கலியாண அழைப்பிதழ்களும் கோயில் திருவிழா விளம்பரங்களும் அடியோடு நின்றுபோயின. அந்தியேட்டிக் கல்வெட்டுக்கு, அதாவது இறந்தவரின் நினைவாக அச்சிடும் சிறு நூலுக்கு, மட்டும் இடையிடையே ஆட்கள் வந்தார்கள். வழமையாக 300 பிரதி அடிப்பவர்கள்கூட 50 போதும் என்றார்கள். இலங்கை மத்திய வங்கியின் சௌபாக்கியா கொவிட்-19 மறுமலர்ச்சி வசதியில் 4 சதவீத வட்டிக்குத் தொழிற்படு மூலதனம் (தொழிலின் அன்றாடச் செலவுக்கான கடன்) கொடுக்கிறார்கள் என்றும், முதல் ஆறு மாதங்களுக்குத் தவணை கட்டத் தேவையில்லை என்றும் அறிந்து, கணக்கு வைத்திருந்த வங்கிக்குப் போனேன். அந்த ஆண்டு ஆடி மாதத்தில் சேர்க்கப்பட்ட கட்டத்தில், சிறிய கடன்களுக்கு 80 சதவீதமும் பெரிய கடன்களுக்கு 50 சதவீதமுமாக மத்திய வங்கியே உத்தரவாதம் அளித்தது. ஆகவே பிணை கேட்க மாட்டார்கள் என்று நம்பியிருந்தேன்.

முகாமையாளர் முதலிற் கேட்டது காணி உறுதியைத்தான். எங்கள் உறுதியோ 1995 இடப்பெயர்வில் தொலைந்தது. காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்தபோதும் அது இன்னும் அப்பாவின் பெயரிலேயே இருந்தது. அச்சியந்திரத்தை ஈடாக வைக்கலாமா என்று கேட்டேன். பழைய இயந்திரத்துக்கு மதிப்புப் போட முடியாது என்றார். உத்தரவாதம் ஈடுசெய்யாத மீதி நட்டம் வங்கியின் தலையில் விழும் என்பதால் அவர் தயங்கியதில் நியாயம் இருந்தது. ஆனால் அதை எனக்கு விளக்க அவருக்கு மூன்று சந்திப்புகள் தேவைப்பட்டன. கடைசியில் கைகொடுத்தவை, மனைவி ஒரு பிஸ்கற் ரின்னில் சேர்த்து வைத்திருந்த மூன்று வருடக் கடதாசிக் கொள்வனவுப் பற்றுச்சீட்டுகள்தாம். காசாக வாங்கிய பணத்தை வங்கியில் போடாமலே செலவழித்துவிடும் எங்கள் தொழிற்பழக்கத்தால், கணக்குக் கூற்றில் பாதி வருமானம்கூடத் தெரியவில்லை. கேட்டது 15 இலட்சம், கிடைத்தது 6 இலட்சம்.

நெல்லியடி, டிஜிட்டல் அச்சகம்

கொக்குவில் அண்ணா குறிப்பிட்ட அதே வசதியில் நானும் கடன் பெற்றேன். என் தவறு வேறு. அரசாங்கம் பொறுப்பு நிற்கிறது என்றால், கட்ட முடியாதபோது அதுவே கட்டிவிடும் என்று விளங்கிக்கொண்டேன். 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் விலை வாரத்துக்கு வாரம் ஏறியபோது தவணைகளை நிறுத்திவிட்டேன். உத்தரவாதம் வங்கியின் நட்டத்துக்கே. என் கடன் என் பெயரிலேயே இருந்தது. கடன் வாங்கியவர்களின் விபரங்களைப் பதிந்து வைக்கும் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் அந்த நிலுவை பதிவாகிவிட்டதால், பிறகு ஒரு கலர் இயந்திரத்தை லீசிங்கில் எடுக்கப் போன இரண்டு இடங்களிலும் மறுத்தார்கள். தவணை தவறுவதற்கு முன்னரே எழுத்தில் கடன் மறுசீரமைப்புக் கேட்டிருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னது எந்தக் கோப்பிலும் இருக்கவில்லை.

சுன்னாகம், பைண்டிங் வேலைத்தளம்

இப்போது வங்கிக் கடன்களுக்கு உத்தரவாதம் அளிக்கத் தேசிய கடன் உத்தரவாத நிறுவனம் என்று ஒன்று இருப்பதால், நேரே அங்கு விண்ணப்பிக்கலாம் என எண்ணி ஒரு மாதத்தை வீணாக்கினேன். வங்கி ஊடாகத்தான் போக வேண்டும். காணி உறுதி இல்லாமலே விண்ணப்பத்தை ஏற்றார்கள். வியாபாரப் பெயர்ப் பதிவும், பாடசாலைகளிலிருந்து பெற்ற வேலைக் கட்டளைகளும், கட்டிங் மெசினுக்கான விலைக்கூறலும் கேட்டார்கள். கொக்குவில் ஐயா சொன்ன பற்றுச்சீட்டுக் கதையை நினைத்துப் பசைக்கும் நூலுக்கும் வாங்கிய துண்டுகளைக்கூடச் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.