நினைவு வளைவு வசூல்: ஒரு மாற்று யோசனை

அண்ணாச்சிமார், அக்காமார், தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம்.

மறைந்த மேலத்தெருத் தாத்தா பேரில் ஊர் எல்லையில் வளைவு கட்டலாம், அதற்கு வசூல் செய்யலாம் என்று மும்பை மாட்டுங்காவில் நடந்த நம்ம சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்திருக்கிறது. அறுபது வருசமாக அவர் கட்டிக் காத்தது புஞ்சை வரப்பையும், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலையும்தான். ஆள் போனதும் முதலில் கெடப்போவதும் அவைதான். வசூலாகும் பணத்தை அங்கே போடலாம் என்பது என் கட்சி. எங்கே எப்படி என்று கீழே எழுதுகிறேன்.

முதலில் வரப்பு. நம்ம கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி மழைத் தண்ணீர் அந்த வெடிப்பில் இறங்கி, வரப்புக்கு அடியிலேயே துளை போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். மேலே பார்த்தால் வரப்பு முழுசாக நிற்கும். அடுத்த மழைக்குக் காணாது. ஜேசிபியை விட்டு மண்ணைக் குவித்துவிட்டுப் போன வரப்பெல்லாம் உடைந்தது இப்படித்தான். தாத்தா வரப்பு இரண்டடி உயரம்தான், ஆனால் அடி அகலம் ஏழடி, உச்சி ஒன்றரை அடி. அரையடி மண் போட்டு, ஈரப்பதம் பார்த்து மிதித்து இறுக்கிவிட்டுத்தான் அடுத்த அரையடி. காய்ந்த கட்டியாக அள்ளிப் போட்டால் உள்ளே பொந்து விழும். வயலின் தாழ்ந்த மூலையில், மிச்சத் தண்ணீர் வெளியேறக் கல் அடுக்கிய வாய் ஒன்று கட்டாயம், உச்சியைவிட முக்கால் அடி தாழ. அதை விடாவிட்டால் மழையே ஒரு வாய் வெட்டிக்கொள்ளும்.

மண்ணைப் பிடித்துக்கொள்ள வரப்பு மேல் கொழுக்கட்டைப்புல் விதைக்கணும். இதில் பலரும் ஏமாறுவது விதையில். அந்த வருசம் பறித்த விதை ஒழுங்காக முளைக்காது, ஆறேழு மாதமாவது பழசாக இருக்கவேண்டும். மேலாகத் தூவி லேசாகக் கீறிவிட்டால் போதும், ஆழத்தில் போனால் வராது. முதல் வருசம் ஆடு ஏறாமல் பார்க்கணும். அதுதான் கஷ்டம்.

வரப்பு சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில் போகவேண்டும். கண்ணால் பார்த்துப் போட்டால் தப்பும். ஏழடிக் கம்பு இரண்டை ஆங்கில 'A' எழுத்து மாதிரிக் கட்டி, நடுவே குறுக்குக் கம்பு, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல். குறுக்குக் கம்பில் கயிறு எங்கே விழுகிறது என்று குறித்து, கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடியும் குறித்தால், இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். செலவு நூறு ரூபாய்கூட ஆகாது. ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது ஒரு லட்சம் லிட்டர்; அதில் எவ்வளவு மண்ணோடு ஓடுகிறது என்பதை இந்த மட்டம்தான் முடிவு பண்ணும்.

அடுத்து வரத்துக்கால். அதில் வேலிக்கருவை (சீமைக்கருவேலம்) அடைத்துவிட்டது. வெட்டுக்கூலி கொடுப்பது வீண், வெட்டினால் நாலாகக் கிளைக்கும். தூரோடு, தரைக்குக் கீழே இருக்கும் வேர்முடிச்சோடு பிடுங்கணும். அதன் பிறகும் இரண்டு மூன்று வருசம் நாற்றைப் பிடுங்க ஆள் வேண்டும், ஏனென்றால் நெற்றைத் தின்ற ஆடு புழுக்கையில் விதையைக் கொண்டுவந்து போடும். ஒரே தடவை பணம் அனுப்பிவிட்டு மறந்துபோவது இந்த வேலைக்கு ஆகாது.

கரம்பை, அதாவது கண்மாய் வண்டலை அள்ளி வயலில் போடுவது பற்றியும் கேட்கிறார்கள். கரிசலில் கரம்பை அடித்துப் பெரிய லாபமில்லை, ஏற்கெனவே களிதானே. கிழக்கே செவல் (செம்மண்) காட்டுக்காரர்கள் அடிக்கட்டும். வெள்ளையாக உவர் பூத்த இடத்து மண் வேண்டவே வேண்டாம். கண்மாய்க் கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் கரை சரியும். நன்றாகத் தள்ளித்தான் எடுக்கணும். ஆயக்கட்டு, அதாவது கண்மாயில் பாயும் நிலம், நாற்பது ஹெக்டேருக்கு மேல் என்றால் கண்மாய் நீர்வளத்துறையிடம், குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். யாரிடம் மனு கொடுப்பது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர்க்கட்டுப்பாடு இல்லாமல் இதெல்லாம் நிற்காது என்பவர்கள், மும்பையிலிருந்து ராத்திரி பஸ் ஏறி அகில்யாநகர் (பழைய அகமதுநகர்) பக்கம் ஹிவரே பஜார் என்ற கிராமத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். 1989இல் போபட்ராவ் பவார் சர்பஞ்ச் (ஊராட்சித் தலைவர்) ஆனபோது அதுவும் வறண்ட காடுதான். மேய்ச்சலுக்குத் தடை, புல்லை அறுத்துத்தான் கொண்டுபோகணும். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடக்கூடாது. கரும்பும் வாழையும் கிடையாது. மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து வருசா வருசம் தண்ணீர்க் கணக்குப் போட்டுத்தான் பயிர் முடிவாகிறது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆகவே: வளைவுப் பணத்தை மூன்று வருசத்துக்குப் பிரித்து, ஆடியில் வீட்டுக்கு ஒரு ஆள் வேலைக்கு வரும் நாளுக்குச் சாப்பாட்டுச் செலவு, வேலிக்கருவை தூர் பிடுங்க இயந்திர வாடகை, பள்ளிக்கூடத்தில் ஒரு மழைமானி. சங்க விதிகளின் நோக்கப் பட்டியலில் நீர்நிலைப் பராமரிப்பு இருக்கிறதா என்று செயலாளர் அண்ணாச்சி பார்த்துச் சொல்லவேண்டும். இல்லையென்றால் அடுத்த பொதுக்குழுவிலேயே சேர்த்தால்தான் ஆடிக்குள் பணம் அனுப்ப முடியும்.