விலை அட்டவணை ஸ்கிரீன் ரீடரில் புரியவில்லையாம், எப்படிச் சரிசெய்வது?

காவேரிப்பட்டணத்தான்:
வணக்கம். எங்கள் பக்கத்து மாங்காய் விவசாயிகளுக்காகச் சின்னதாக ஒரு வெப்சைட் நடத்துகிறேன். இடது ஓரத்தில் பெங்களூரா, செந்தூரா, நீலம் என்று ரகங்கள், மேலே கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி, ராயக்கோட்டை என்று ஊர்கள், நடுவில் கிலோ விலை. போன வாரம் பார்வையில்லாத ஒருவர் போன் செய்தார், ஒன்றரை ஏக்கர் தோப்பு வைத்திருக்கிறார், திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் வைத்துத்தான் என் பக்கத்தைக் கேட்கிறார். "உன் பக்கத்தைத் திறந்தால் பதினெட்டு, இருபத்திரண்டு, பத்தொன்பது என்று நம்பராக வருகிறது தம்பி, எது எந்த ஊர் விலை என்று மகனைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது" என்றார். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. தலைப்புகளைத் தடித்த எழுத்தில்தான் போட்டிருக்கிறேன், விலை ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு, வரத்து இல்லாத நாளில் ஒரு சின்னக் கோடு. இன்னும் என்ன செய்ய வேண்டும்? பேசாமல் படமாக எடுத்துப் போட்டுவிடலாமா?

பாலக்கோடு ஆசிரியர்:
படமாக மட்டும் போட்டுவிடாதீர்கள் தம்பி. இப்போது நம்பராவது கேட்கிறது, படமானால் அதுவும் போய்விடும்.

எனக்கும் பார்வை இல்லை, கம்ப்யூட்டரில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் வைத்திருக்கிறேன். நான் அட்டவணை படிக்கும் விதத்தைச் சொன்னால் உங்களுக்கே புரியும். டி விசையை அழுத்தினால் பக்கத்தில் உள்ள அடுத்த அட்டவணைக்குப் போகும். அப்புறம் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறி விசைகளால் கட்டம் கட்டமாக நகர்வேன். ஒழுங்காகச் செய்த அட்டவணையில் வலப்பக்கம் நகர்ந்தால் "போச்சம்பள்ளி, 22" என்று சொல்லும், கீழே இறங்கினால் "நீலம், 19" என்று சொல்லும். உங்களுக்குச் சந்தேகம் வந்தால் கண்ணை ஒரு தடவை மேலே ஓட்டினால் போதும், எனக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டம்தான், தலைப்பு கூடவே வராவிட்டால் மூன்றாவது ஊர் எது, நான்காவது ரகம் எது என்று மனப்பாடமாக வைத்துக்கொண்டேதான் நகர வேண்டும்.

நிறம் எனக்கு எதுவும் சொல்லாது. அந்தச் சின்னக் கோட்டையும் பல சமயம் வாசிக்காமல் தாண்டிவிடும், கட்டம் காலி என்று நினைத்துக்கொள்வேன்.

ஓசூர் வெப்காரர்:
ஆசிரியர் சொன்னதுதான் பிரச்சினையே. தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினால் அது கண்ணுக்குத்தான் தலைப்பு, பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் மொழியைப் பொறுத்தவரை அதுவும் இன்னொரு சாதாரண டிடி, அதாவது வெறும் தகவல் கட்டம். ஊர் பெயர்களை டிஎச், அதாவது தலைப்புக் கட்டமாக மாற்றி ஸ்கோப் கோல் (கீழே உள்ள நெடுவரிசைக்கான தலைப்பு) என்று கொடுங்கள். ரகத்தின் பெயர்களையும் டிஎச் ஆக்கி ஸ்கோப் ரோ (அந்த வரிசைக்கான தலைப்பு) கொடுங்கள், இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். டேபிள் திறந்ததும் முதலில் கேப்ஷன் வைத்து "இன்றைய மாங்காய் விலை, கிலோவுக்கு ரூபாயில்" என்று எழுதிவிட்டால் உள்ளே போகும் முன்பே என்ன அட்டவணை என்று தெரிந்துவிடும். கட்டங்களை ஒன்றாக இணைக்காதீர்கள், ரோஸ்பேன் போட்டால் குழப்பம் கூடும். நிறம் இருக்கட்டும், கூடவே "ஏற்றம்", "இறக்கம்" என்ற வார்த்தையும் இருக்கட்டும். கோட்டுக்குப் பதில் "வரத்து இல்லை". வெப்சைட்டை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வழிசொல்லும் டபிள்யூசிஏஜி விதிகளில் 1.3.1, 1.4.1 இரண்டையும் ஒரு முறை படித்துப் பாருங்கள், முதலாவது இந்தத் தலைப்பு விஷயம், இரண்டாவது நிறம்.

காவேரிப்பட்டணத்தான்:
நன்றி சார், நன்றி அண்ணா. எல்லாம் மாற்றினேன், என்விடிஏ இலவசம் என்பதால் நானே இறக்கி, திரையை அணைத்துவிட்டுக் கேட்டேன். கம்ப்யூட்டரில் அருமையாக வருகிறது, போனில் மட்டும் பழையபடி நம்பர்தான். சின்னத் திரைக்காக, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் டிஸ்ப்ளே பிளாக் போட்டுக் கட்டங்களை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கியிருந்தேன், அதனாலா?

ஓசூர் வெப்காரர்:
பெரும்பாலும் அதுதான். டிஸ்ப்ளேயை மாற்றினால் அது அட்டவணை என்பதையே பிரவுசர் மறந்துவிடலாம். அதை எடுத்துவிடுங்கள். டேபிளைச் சுற்றி ஒரு டிவ் (வெறும் பெட்டி) வைத்து ஓவர்ஃப்ளோ எக்ஸ் ஆட்டோ கொடுங்கள், பக்கவாட்டில் தள்ளிப் பார்த்துக்கொள்வார்கள். அந்த டிவ்வுக்கு டேப்இன்டெக்ஸ் 0 கொடுத்தால் கீபோர்டிலும் தள்ளலாம்.

பாலக்கோடு ஆசிரியர்:
இப்போதுதான் உங்கள் பக்கத்தைத் திறந்தேன் தம்பி. "செந்தூரா, ராயக்கோட்டை, வரத்து இல்லை" என்று தெளிவாகச் சொன்னது, எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. ஒன்று மட்டும் பாக்கி. பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று இருக்கிறது, அதனால் சிலருடைய ஸ்கிரீன் ரீடர் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்கப் பார்க்கலாம். மேலே எச்டிஎம்எல் வரியில் லாங் டிஏ (டிஏ என்றால் தமிழ்) என்று மாற்றிவிட்டு, போன் செய்த அந்தத் தோப்புக்காரரிடமும் ஒரு தடவை கேட்கச் சொல்லுங்கள்.